ஒரு நாள் பாரத்துக்கு மாட்டிய ஸ்பிரிங்

பேருந்தில் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில் நான் உட்காருவதில்லை. வேறு இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டே போவேன். எழுபத்திரண்டு வயதுக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அது அந்த இருக்கையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மேடு பள்ளத்தில் வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போடும்போது, சக்கரம் தரையில் இல்லாதது போல ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்தை என்னால் தாங்க முடிவதில்லை. வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கைத் தேடும். உடனே ஒரு முகம் நினைவுக்கு வரும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, பின்பக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் முகம்.

பொன்னமராவதி சாலையில் அவருடைய பட்டறை இருந்தது. லாரிகளின் பட்டை ஸ்பிரிங் வேலையில் தொடங்கியவர். பிறகு, காட்டுப் பாதையிலும் பாறையிலும் ஓடக்கூடிய பெரிய வண்டிகளை ஊரில் நாலு பேர் வாங்கத் தொடங்கியதும், அவற்றை உயர்த்துவதற்கு அவரிடம் வந்தார்கள். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். வண்டி வந்ததும் ஜாக்கியைத் தேட மாட்டார். பின் பம்பரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கிக் கையை எடுத்துவிடுவார். வண்டி எழுந்து, ஒரு முறை தாழ்ந்து, நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறையும் ஆடினால், ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர், அவர் வார்த்தையில் ஷாக், போய்விட்டது என்பார். அதன் பிறகு வண்டிக்காரரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். வண்டி எங்கே போகும், என்ன ஏற்றும், எத்தனை நாள் வெறுமனே ஓடும். அந்தப் பதில்களை வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பார். அவருடைய தொழிலே வண்டிக்காரர் சொல்வதை நம்புவதில் இருந்தது. அதை நான் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன்.

நான் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். சுருள்வில்லும் அலைவும் தணிப்பும் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஓய்வு பெற்றதும் திருமயத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டுக்கு மனைவியோடு வந்துவிட்டேன். வெகுநாள் ஆசைப்பட்ட நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி ஒன்றை வாங்கினேன். எங்கள் பங்காளிகள் வருடத்துக்கு ஒரு முறை கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்துவார்கள். படைப்புக் கோயில் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே, கண்மாயைத் தாண்டி, செம்பாறைப் பாதையில் இருக்கிறது. படைப்புச் சாமான்களான வெண்கல உருளிகள், அண்டாக்கள், குத்துவிளக்குகள் எல்லாம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வீட்டு உரிமை. டிராக்டர் வைப்பதை நிறுத்திவிட்டு, அந்த வருடம் என் வண்டியிலேயே ஏற்றினேன்.

பாரம் தாங்காமல் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, புகைக்குழாய் பாறையில் உரசிக்கொண்டே போனது. கோயில் வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமயத்தில் கடை வைத்திருக்கும் என் பங்காளித் தம்பி வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

“என்னண்ணே, வண்டி பின்னாடி குத்த வச்சு உக்காந்துருச்சு? சாமியைக் கும்புடுதா, இல்ல இதுக்கு மேல நம்மனால ஆகாதுங்குதா?”

பெண்கள்கூடச் சிரித்தார்கள். அவன் வாயில் விழுந்த எதுவும் ஒரு வாரத்தில் காரைக்குடி வரை போய்விடும். அடுத்த படைப்புக்குள் வண்டியை உயர்த்திவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஒரு வருடம் அந்தச் சிரிப்பு என் காதிலிருந்து போகவில்லை என்று சொன்னால் படிப்பவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். சிறுபிள்ளைத்தனம்தான்.

அடுத்த படைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரியிடம் போனேன். பட்டறையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு வண்டிக்காரரைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “வருசத்துக்கு ஒருக்கா கொடைக்கானல் போறதுக்காக வண்டியை மலை கணக்கா ஒசத்திக்கிட்டுப் போனாரு. இப்ப அவுக வீட்டம்மா வண்டில ஏற முக்காலி போட்டுக்கிட்டு இருக்காக.” அந்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது.

“பின் ஸ்பிரிங்ல மூணு வகை இருக்குங்கய்யா. மூணுமே ரெண்டு அங்குலம் ஒசத்தும். ஒண்ணு, வெறும் வண்டியா ஓட்டுறவுகளுக்கு. ரெண்டாவது, குடும்பம், பெட்டி படுக்கையோட போறவுகளுக்கு. மூணாவது, எப்பவும் நானூறு கிலோ பின்னாடி கெடக்குற வண்டிக்கு. ஒங்களுக்கு லோடு எம்புட்டு?”

“நானூறு இருக்கும்.”

“தெனமுமா? ஏன் கேக்குறேன்னா, என்னைக்கோ ஒரு நாளைக்குன்னா இந்த மூணாவது கட்டை ஸ்பிரிங் வேணாம். சாதா ஸ்பிரிங்கைப் போட்டு உள்ள காத்துப் பை வச்சு விட்டுர்றேன். லோடு ஏத்துற அன்னைக்குக் காத்து அடிச்சுக்கங்க, எறக்குனதும் புடுங்கி விட்டுருங்க. வெறும் வண்டியில கட்டை ஸ்பிரிங் இருந்துச்சுன்னா பின்பக்கம் தவ்வும். வளைவுல தவ்வுச்சுன்னா சக்கரம் ரோட்டைப் புடிக்காது.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது காற்றுப் பைதான். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சற்று முன் சிரித்த இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாரத்தில் நாலு நாள் ஏற்றுவேன்” என்றேன். “தோப்புத் தேங்காய்.”

எங்களுக்குத் தோப்பு உண்டு. அது குத்தகையில் இருந்தது. ஒரு தேங்காயைக்கூட நான் வண்டியில் ஏற்றியதில்லை.

அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மூன்றாவது வகை ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். ஷாக்கில்தான் அடுத்த தடங்கல் வந்தது. வண்டியோடு வந்த ஷாக் இந்த உயரத்துக்கு நீளம் போதாது, நீளமானது கோயம்புத்தூரிலிருந்து வரப் பத்து நாளாகும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். படைப்பு அதற்குள் முடிந்துவிடும். நான் ஒரு துண்டுத் தாளில் தணிப்பு வரைபடம் போட்டு, பழைய ஷாக்கே போதும் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். அவர் தாளை வாங்கி மரியாதையாகப் பார்த்தார். “நீங்க படிச்சவுக. ஆனா ஷாக்கு அதுக்கு மேல நீளாதுங்களே” என்றார். பிறகு, நான் விடாததால், ஒரு நிபந்தனை போட்டார். “லோடோட ஓட்டுனா ஸ்பிரிங் அமுங்கி, ஷாக்கு நடுவுல நிக்கும். பத்து நாளைக்குத் தாங்கும். வெறும் வண்டியா மட்டும் வேகம் போயிராதீங்க. பின்னாடி நாலு மணல் மூட்டையாச்சும் கெடக்கட்டும்.” சரி என்றேன்.

படைப்பன்று வண்டி நிமிர்ந்து நின்றது. அத்தனை வெண்கலத்தோடும் பாறையில் ஓர் உரசல் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இவ்வளவும். ஆனால் எங்கள் வழக்கப்படி படைப்புச் சாமான்கள் அன்றே வீடு திரும்பக் கூடாது. சாமி முன்னால் கவிழ்த்து வைத்து, மறுநாள் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஆகவே பிற்பகலில் நானும் மனைவியும் மட்டும் வெறும் வண்டியில் திரும்பினோம். மணல் மூட்டை நினைவுக்கு வந்தது. கோயிலைச் சுற்றி மணலுக்குக் குறைவில்லை. படைப்பு வேட்டியோடு நான் மணல் அள்ளிக்கொண்டிருப்பதைத் தம்பி பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

கண்மாய்க்கரை வளைவில் சாலை சற்று நொடித்திருந்தது. பின்பக்கம் டக்கென்று ஒரு சத்தத்தோடு தவ்வியது. தவ்விய வண்டி இறங்கும்போது நேராக இறங்கவில்லை. நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. ஆனால் முன்கண்ணாடியில் சாலை விலகிக் கண்மாய்த் தண்ணீர் வந்தது. எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தபோது பின் சக்கரத்துக்கும் கரை விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் மண் இருந்தது. மனைவி இறங்கி, வேலிக்கருவை நிழலில் போய் நின்றுகொண்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். “என்னங்க, மேஸ்திரிகிட்டப் போயி நடந்ததைச் சொல்லுங்க” என்றாள். மீதி வழியை அவள் நடந்தே வந்தாள். நான் பக்கத்தில் வண்டியை ஊர்ந்து ஓட்டி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் பயம் என்னை விடவில்லை. அந்தப் பயம் எனக்குள்ளேயே கோபமாக மாறியிருந்தது. பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். “நீங்கள் மாட்டிய ஸ்பிரிங் எங்கள் இரண்டு பேரையும் கண்மாயில் தள்ளப் பார்த்தது” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று முதலில் கேட்டார். பிறகு, “லோடு இருந்துச்சுல்லங்கய்யா?”

“இருந்தது.”

“முழு லோடா?”

“நானூறு.”

“வெறும் வண்டியா ஓட்டிப் பாத்தீகளா? அப்ப என்ன பண்ணுது?”

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெறும் வண்டியில்தான் தவ்வியது என்றால், அன்றே சொன்னேனே என்பார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இன்றைக்கு வெறும் வண்டியாகத்தான் வந்தேன். எண்பதில் வந்தேன். ஒன்றுமில்லை” என்றேன். உண்மையில் முப்பதைத் தாண்டாமல், மாட்டு வண்டிகளுக்கு வழி விட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவரைக் குழப்பியது. பாரம் இருக்கும்போது தவ்வுகிறது, பாரம் இல்லாதபோது நன்றாக ஓடுகிறது என்றால் அவருக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் அது நேர்மாறு. “எங்கிட்டோ என்னமோ கழண்டு கெடக்கு. ஓட்டிப் பாத்து, சத்தம் கேட்டாத்தான் தெரியும். வாங்கய்யா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றார்.

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு மூட்டைகூட இல்லை.

பட்டறையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஓடைப் பாலம். அதற்கு முன்னால் ஒரு வளைவு. கல்குவாரி லாரிகள் பிரேக் போட்டுப் போட்டு அந்த வளைவில் தார் அலை அலையாகத் திரண்டிருக்கும். அந்தச் சாலையில் பலமுறை போயிருக்கிறேன். சம இடைவெளியில் அலை, அதன் மேல் தணிப்பில்லாத ஸ்பிரிங். என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்தில் என்னைவிடத் துல்லியமாக எழுதிக் காட்டக்கூடியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஒரு வாக்கியம் சொல்ல ஐந்து வினாடி போதும். ‘மேஸ்திரி, அன்றைக்கு வண்டியில் பாரம் இல்லை.’ இதை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முள் நாற்பதில் இருந்தபோது, ஐம்பதுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஐம்பதில், அவரே மெதுவாகப் போவார் என்று நினைத்தேன். எனக்குச் சாவு பயம் இருந்தது. அதைவிட, பொய்யன் என்று தெரிந்துவிடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அறுபத்தைந்து.

“மெதுவாகப் போங்க மேஸ்திரி.”

அவர் சிரித்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “பயப்படாதீங்கய்யா. எண்பதுல ஒண்ணும் இல்லைன்னீகளே. பின்னாடி சத்தம் எங்கிட்டு இருந்து வருதுன்னு புடிச்சுட்டோம்னா போதும்.”

நான் சொன்ன எண்பதை நம்பி அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. டக், டக், டக் என்று மூன்று முறை கேட்டது. மூன்றாவதோடு பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு வந்தது. புளியமரம் ஒன்று என் பக்கத்து ஜன்னலில் நின்றது. பிறகு அது வானத்தில் இருந்தது. வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் விழுந்தது.

நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே அவர். திறந்திருந்த ஜன்னலுக்கும் வாய்க்கால் கல்லுக்கும் நடுவே அவருடைய வலது கை மாட்டியிருந்தது. கண்ணாடித் தூளும் மண்ணுமாக இருந்த முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். “ஐயா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என் தப்புய்யா. ஸ்பிரிங்கை ஏதோ மாத்திக் கணக்குப் போட்டுட்டேன் போல” என்றார். குவாரி லாரிக்காரர்கள் வந்து எங்களை வெளியே எடுக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவருடைய கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மனைவி என்னிடம் கைகூப்பினார். “பெரியவுக ஒங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்” என்றார். நான் தலையாட்டினேன். தம்பி என்னைப் பார்க்க வந்தான். எப்படி நடந்தது என்று கேட்டான். ஸ்பிரிங் தப்பு என்றேன். அவ்வளவு சொன்னால் அவனுக்குப் போதும். “மேஸ்திரி மாட்டுன ஸ்பிரிங்கு மேஸ்திரியவே கவுத்துருச்சு” என்று அவன் கடையில் ஆரம்பித்த பேச்சு ஊர் ஊராகப் போனது. கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே சொன்னார்கள். உயரமான வண்டிகள் அந்தப் பட்டறைக்கு வருவது நின்றது. என் மனைவி ஒரே ஒரு முறை, “சொன்னீங்களா?” என்று கேட்டாள். எழுந்து போனேன். பிறகு அவள் கேட்கவேயில்லை. நாலு வருடமாக அந்தக் கேள்வி வருமோ என்று பயந்துகொண்டேதான் அவளோடு சாப்பிட உட்காருகிறேன்.

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் புது வண்டி வாங்கினார். பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்ற வேண்டும், எதைப் போடலாம் என்று என்னிடமே கேட்க வந்தார். மேஸ்திரியிடம் போனாராம், அவர் மாட்ட மாட்டேன் என்றாராம். “‘எனக்கு அது தெரியலைங்க. நெனைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. இனிமே அதுல கை வைக்க மாட்டேன்’னு சொல்றாருங்க” என்றார். அவர் கையை மட்டும்தான் கெடுத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரமில்லாத வண்டி தவ்வும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர், தனக்கு அது தெரியாது என்று நாலு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் பேருந்து ஏறினேன், நின்றுகொண்டே போனேன்.

பட்டறையில் அவர் டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இடது கையால். “வாங்கய்யா, சௌக்கியமா இருக்கீகளா?” என்று முக்காலியைத் தள்ளினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும். வருடத்தில் ஒரு நாள்தான் பாரம் என்பதையும், தேங்காய் பொய் என்பதையும், கண்மாய்க்கரையில் வண்டி வெறுமனே இருந்ததையும், எண்பது பொய் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

அவர் டயரிலிருந்து கையை எடுத்தார். “அப்ப வண்டியில ஒண்ணுமே இல்ல?”

“இல்லை.”

நான் எதிர்பார்த்தது கோபம். அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். ஆனால் அவர் முகம் தெளிந்தது. எழுந்து, பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏத்தா, இங்கிட்டு வா. நாஞ் சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு. வெறும் வண்டி தவ்வும்னு சொன்னேன்ல, அதேதான். எனக்கு ஒண்ணும் மறந்து போகல.” அவருடைய மனைவி வாசலுக்கு வந்து நின்றார். அவர் இன்னொரு முறை அதையே சொன்னார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். அந்தத் தெளிவு அடங்கிவிட்டிருந்தது.

“அந்த வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“மெதுவான்னு சொன்னீகளே, அப்பவும் தெரியும்.”

“தெரியும் மேஸ்திரி.”

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னிடம் கைகூப்பிய அதே அம்மா. மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்தேன். அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்கு வேணாங்கய்யா. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். பட்டறைக்கு வராமப் போனாகளே, அவுகளுக்குத்தான் தெரியல.” சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கட்டைவிரலால் நிதானமாகத் தேடினார். “திருமயத்துல ஒங்க தம்பி கடை நம்பரு எங்கிட்ட இருக்கு. அவருகிட்டச் சொன்னாப் போதும்ல, ஊருக்கே சொன்ன மாதிரி.”

அடுத்த படைப்பில் அத்தனை பங்காளிகளும் வாசலில் நிற்பது கண்முன்னால் வந்தது. நேரில் போய்ச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்ற வார்த்தைகள் வாய் வரை வந்தன. மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

“சொல்லுங்க மேஸ்திரி” என்றான் தம்பி.

“மேஸ்திரி இல்லைப்பா, நான்தான்.”

“அண்ணனா? என்னண்ணே, அங்கிட்டு என்ன வேலை? மறுக்கா ஸ்பிரிங்கு மாட்டப் போறீகளா?” அவன் சிரிக்கத் தொடங்கினான். கடையில் இருந்த வேறு யாரோ சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.

டயரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஸ்பீக்கர்ல போடுப்பா” என்றேன். “கடையில இருக்கிறவங்களும் கேக்கட்டும்.”